ஊட்டியில் ஒரு பச்சைச் சுவர்

ஐம்பத்திரண்டு தடவை ஊட்டிக்குப் போய்வந்த மாரியப்பன், தாவரவியல் பூங்காவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காரட் விற்கிற ஒரு பெண்ணிடம் வழி கேட்டான். அவன் கேட்டதை அவன் பெண்டாட்டி கலையரசி கேட்டுவிட்டாள்.

கேட்டதாவது நேராகக் கேட்டானா என்றால் அதுவும் இல்லை. பெண்டாட்டியையும் மகளையும் பத்தடி பின்னால் விட்டுவிட்டு முன்னால் ஓடினான். காரட் நல்ல காரட்டா என்று பார்க்கிறவன் மாதிரிக் குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம்! இலையோடு கட்டின காரட் கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அதோ கூட்டமா போகுது பாருங்கண்ணா, அதுக்குப் பின்னாடியே போங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். மாரியப்பன் திரும்பி வந்து, "இந்தப் பக்கம்தான், வாங்க" என்றான், ரொம்ப நாள் பழகின ஆள் மாதிரி.

கலையரசி தோளில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு என்பது அவள் எண்ணி வைத்திருந்த கணக்கு. ஒவ்வொரு தடவை ஊட்டியிலிருந்து வரும்போதும் மாரியப்பன் ஒரு பாக்கெட் வர்க்கியும் ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் கொண்டுவருவான். வர்க்கி அன்றைக்கே தீர்ந்துவிடும். தைலப் பாட்டில்களைக் கழுவிப் பரண்மேல் அடுக்கி வைப்பது கலையரசியின் வழக்கம். பதினோரு வருஷத்தில் ஐம்பத்திரண்டு பாட்டில் சேர்ந்திருந்தது.

மாரியப்பனுக்குத் திண்டிவனத்து டூரிஸ்ட் பஸ் ஒன்றில் சமையல் வேலை. எங்கள் பக்கத்து ஜனங்கள் மலைக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் சோற்றைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறவர்கள். பஸ்ஸுக்கு அடியில் இருக்கிற டிக்கியில் அண்டா, அடுப்பு, கேஸ், அரிசி மூட்டை, புளிப்பானை எல்லாம் ஏறும். நாற்பத்தைந்து பேர் ஊர் பார்த்துவிட்டு வருவதற்குள் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். அதற்குத்தான் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அஸ்வினி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நாலு வயதிலிருந்தே அப்படி. மாரியப்பன் சொல்லுவான். கண்ணாடியிலேயே கட்டின வீடு, உள்ளே பூரா பூ. ஏரியில் வாத்து மாதிரிப் படகு. மேகத்துக்குள்ளே அண்ணன் தம்பிகள் மாதிரி நிற்கிற மூன்று பாறைகள். அப்புறம் ஒரு பச்சைச் சுவர். ரெண்டு ஆள் உசரம், வெல்வெட்டுத் துணி போர்த்தின மாதிரி பாசி, அதில் ஏழு கண், ஆறு கண்ணிலும் தண்ணீர் சொட்டும், மூன்றாவது கண்ணில் மட்டும் சொட்டாது, ஏனென்றால் அதில் ஒரு குருவி குடியிருக்கிறது. அஸ்வினி இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி முதல் பரிசு வாங்கினாள். பச்சைச் சுவரைத் தமிழ் டீச்சர் அத்தனை பேர் முன்னாலும் ரெண்டு தடவை படித்துக் காட்டினார்களாம்.

கலையரசியும் அப்போதெல்லாம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். முகையூரில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில் அண்ணி சித்ரா வாயைத் திறக்கிற வரைக்கும். எப்போது பார்த்தாலும் மலைக்கு ஓடுகிற ஆம்பளைக்கு மலையிலே ஒரு வீடு இல்லாமலா இருக்கும் என்று சித்ரா சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கலையரசி புருஷனுடைய போனைப் பார்த்தாள். 'சவுரி ஊட்டி' என்று ஒரு பெயர். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் மூன்று போன், நாலு போன். யார் என்று கேட்டாள். டீக்கடை அம்மா என்றான். டீக்கடைக்கு இங்கிருந்தே எதற்குப் போன் என்று கேட்டாள். "தண்ணிக்கி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

தண்ணிக்காம்! யார் நம்புவார்கள்? எங்களையும் ஒருதரம் அங்கே கூட்டிப் போ என்று அவள் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குளிர் என்றான், கூட்டம் என்றான், பாப்பாவுக்குச் சளி பிடிக்கும் என்றான். மூன்று வருஷம் இப்படியே தள்ளினான். தள்ளத் தள்ள அவளுக்குச் சந்தேகம் முற்றியது. இந்தக் காலாண்டு லீவில் போகாவிட்டால் நானும் பாப்பாவும் முகையூருக்குப் போகிறோம் என்று அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னபோது, சரி என்றான்.

பையின் அடியில், போர்வைக்கும் கீழே, ஒரு பிளாஸ்டிக் கவரில் அஸ்வினியின் சர்ட்டிபிகேட்டுகளும் ரேஷன் கார்டும் இருந்தன. மலையில் ஒரு வீடு இருப்பது தெரிந்தால் திண்டிவனத்துக்குத் திரும்புவதில்லை, நேராக முகையூர் அண்ணன் வீடு, அங்கேயே பள்ளிக்கூடம் என்று கலையரசி முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பூங்கா வாசலில் டிக்கெட் எடுக்கிற இடம் வந்ததும் மாரியப்பன் நின்றுவிட்டான். "நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கினு இங்கியே நிக்கறேன்."

"ஏன்? உள்ள யாராச்சும் உன்னப் பாத்துடுவாங்களா?" என்றாள் கலையரசி.

அவனும் கூடவே வந்தான். உள்ளே போனதும் புல்தரையைப் பார்த்து அப்படியே நின்றான். இத்தனை பெரிய புல்வெளியை முதல்தரம் பார்க்கிறவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். எவ்வளவு நேரம் ஆகும் சுற்றி வர என்று அஸ்வினி கேட்டதற்கு மட்டும் பட்டென்று பதில் வந்தது. "ஒரு ஒல சோறு வடிச்சி, சாம்பாரு கொதிச்சி, அப்பளம் பொரிக்கற நேரம்." இதென்ன கணக்கு என்று கலையரசி நினைத்தாள்.

கண்ணாடி வீட்டை அஸ்வினிதான் கண்டுபிடித்தாள். அப்பா சொன்ன மாதிரியே பூரா பூ. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து மூன்று பாறை எங்கே என்று கேட்டாள். மாரியப்பன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினான். மேட்டில் ஏறிப் பார்த்தால் மரம்தான் இருந்தது. கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு படம் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் அவளே போய்க் கேட்டாள். அந்த ஆள் சிரித்தான். அது கொடைக்கானலில் இருக்கிற தூண் பாறையாச்சே பாப்பா, யார் உனக்கு ஊட்டி என்று சொன்னது என்றான். அப்போ பச்சைச் சுவர்? ஏழு கண், குருவி? இருபது வருஷமாக இங்கே படம் எடுக்கிறேன், அப்படி ஒன்று நான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு அவன் வேறு குடும்பத்தைக் கூப்பிடப் போய்விட்டான்.

அஸ்வினியின் முகம் சுருங்கிப்போயிற்று. பரிசு வாங்கின கட்டுரை. ஸ்டேஜில் ஏறி வாங்கினாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் பூவில் பார்க்க ஒன்றுமில்லை.

கலையரசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஊட்டிக்கு வந்தவனுக்கு ஊட்டி தெரியவில்லை. அப்படியானால் ஐம்பத்திரண்டு தடவையும் இவன் எங்கே இருந்தான்? எந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்?

மதியச் சாப்பாட்டுக்கு மார்க்கெட் பக்கத்துச் சந்தில் மெஸ் தேடினார்கள். முதல் மெஸ்ஸில் இவர்களை வாசலில் நிறுத்திவிட்டு மாரியப்பன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இங்கே வேண்டாம் என்றான். ரெண்டாவது மெஸ்ஸிலும் அதேதான். பின்பக்கம் போவதும், வேண்டாம் என்பதும். சமையல்காரன் எந்தக் கடைக்குப் போனாலும் பாத்திரம் கழுவுகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பான். இது நமக்குப் புரிகிறது. ஆனால் சந்தேகம் பிடித்த மனசுக்கு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். தெரிந்தவர்கள் இருக்கிற கடையைத் தவிர்க்கிறான் என்று கலையரசி எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது மெஸ்ஸில் உட்கார்ந்தார்கள். சூடான சோறு, பீன்ஸ் பொரியல், முள்ளங்கி சாம்பார். மலைக் காய்க்கு நல்ல ருசி. அஸ்வினிகூடக் கொஞ்சம் தெளிந்து ரெண்டாம் தடவை சோறு வாங்கினாள். பரிமாறுகிறவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, எந்த ஊருண்ணா, ஊட்டிக்கு முதல் தடவையா என்று கேட்டான்.

"ஆமாங்க, மொத தடவ" என்றான் மாரியப்பன்.

கலையரசியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. மாரியப்பனுக்கும் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ரசம் இலையை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கையால் அணை கட்டி நிறுத்தினான்.

ஏரியில் வாத்துப் படகில் ஏறினார்கள். கரையில் மிளகாய் பஜ்ஜி வாசனை, சோளம் சுடுகிற புகை, குதிரைமேல் உட்காரமாட்டேன் என்று அழுகிற யார் வீட்டுக் குழந்தையோ. அத்தனை பேரும் சிரிக்க வந்த இடம் அது. இவர்கள் மூன்று பேரும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மாரியப்பன் ரெண்டு கையாலும் படகின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தான். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கையை எடுக்க அவனுக்குப் பயம். கலையரசி எடுத்தாள். 'சவுரி ஊட்டி' என்று இருந்தது. ஒன்றும் பேசாமல் காதில் வைத்தாள்.

"இன்னா மாஸ்டரே, மலைக்கி வந்துக்கினு என்னப் பாக்காம போலாம்னு இருக்கீங்களா? ஏரிக்கரையில பாத்தன்னு ஒரு பஸ்சு டிரைவரு சொன்னாரு" என்றது ஒரு பெண் குரல். நம் பக்கத்துப் பேச்சு. அது இன்னும் வலித்தது.

கலையரசி போனைத் திருப்பி அவன் சட்டைப் பையிலேயே போட்டாள். கரையில் இறங்கியதும் சொன்னாள்.

"அவ எங்க இருக்கா, கூட்டிக்கினு போ."

"அங்க இன்னா இருக்குது கலை. பஸ்சு நிக்கற எடம். ஒரே சேறு."

"நான் சேறு பாக்கத்தான் வந்தேன். கூட்டிக்கினு போ."

டூரிஸ்ட் பஸ்கள் நிற்கிற மைதானம் ஏரியிலிருந்து கொஞ்ச தூரம். தூறல் ஆரம்பித்திருந்தது. பத்துப் பதினைந்து பஸ்கள் நின்றன. ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் ஒரு அடுப்பு, ஒரு அண்டா, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓர் ஆள். எங்கு பார்த்தாலும் தாளிப்பு வாசனை. மைதானத்து மூலையில் தகரம் போட்ட டீக்கடை. அதில் சேலைக்கு மேலே சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கலையரசி பயந்ததைவிட அழகாகவே இருந்தாள்.

"வாங்க மாஸ்டரே" என்றவள் பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இவங்கதான் தங்கச்சியா? இதுதான் கட்டுர எழுதுன பாப்பாவா?" என்று டீ போட ஆரம்பித்துவிட்டாள். கட்டுரை வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள்! டீ வந்தது. கலையரசி தொடவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"நீ இவருக்கு யாரு?"

சவுரியம்மாள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம்தான், கல்யாணம் கட்டி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது என்று ஆரம்பித்தாள். இந்த மைதானத்துக்கு இருக்கிறது ஒரே குழாய். அது அவள் கடைக்குப் பின்னால் இருக்கிறது. பிடித்து வைக்காவிட்டால் நாற்பத்தைந்து பேருக்கு உலை வைக்க முடியாது. அதனால் வருகிற மாஸ்டர்கள் எல்லாருமே முந்தின நாள் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அவள் டிரம்மில் பிடித்து வைப்பாள். "வேணும்னா என் போன வாங்கிப் பாருமா. நாமக்கல் மாஸ்டரு, வேலூர் மாஸ்டரு, அத்தினி பேரும் இருக்காங்க. இந்த மனுஷன் ஊட்டியில என் கொழாயத் தவிர எதையும் பாத்ததில்ல."

கலையரசிக்கு அது பாடம் பண்ணி ஒப்பித்த மாதிரி இருந்தது. ரெண்டு பேருமாகப் பேசிவைத்துக்கொண்டால் இதைவிட நன்றாகவே சொல்லலாம். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை கவிழ்ந்து நின்றான். சரி, முடிந்தது, இன்றைக்கே முகையூர் பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"அம்மா, இங்க வா" என்று அஸ்வினி கூப்பிட்டாள்.

அவள் எப்போதோ கடைக்குப் பின்பக்கம் போயிருந்தாள். கலையரசி போனாள். குழாய் இருந்தது. பக்கத்தில் நீல டிரம் இருந்தது. அதற்குப் பின்னால், மேலே போகிற ரோட்டைத் தாங்குகிற கருங்கல் சுவர். ரெண்டு ஆள் உசரம். மேலிருந்து கீழ்வரைக்கும் பச்சைப் பாசி, வெல்வெட்டுத் துணி போர்த்தின மாதிரி. மழைத்தண்ணீர் வடிய சுவரில் குழாய்த் துண்டுகள் பதித்திருந்தார்கள். அஸ்வினி விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. ஆறில் தண்ணீர் சொட்டியது. மூன்றாவதில் சொட்டவில்லை. அதன் வாயில் வைக்கோலும் நாரும் துருத்திக்கொண்டிருந்தன. ஆள் சத்தம் கேட்டு ஒரு குருவி உள்ளேயிருந்து பறந்து பஸ்மேல் போய் உட்கார்ந்தது.

சுவரின் அடியில், பாசி பிடிக்காத இடத்தில், பெரிய வட்டமாக அடுப்புக் கரி படிந்திருந்தது.

மாரியப்பன் பின்னால் வந்து நின்றான். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது போல, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ராத்திரி பூரா பஸ்சுல தூங்கிக்கினு வர்றது. எறங்கி மூஞ்சி கழுவறப்பதான் இது இன்னா மலன்னே கேப்பேன். அவங்க சுத்திப் பாக்கப் போயிடுவாங்க. வர்றதுக்குள்ள சோறு ஆவணும். அண்டா குண்டான வுட்டுட்டு எங்க போறது? மொத தடவ வந்தப்ப பாப்பா இன்னாப்பா பாத்தன்னு கேட்டுச்சி. நாலு வயசு. கொழாயப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? சோறு போடறப்பவே இன்னா பாத்தீங்க, எப்படி இருந்துச்சின்னு அவங்களையே கேட்டுக்குவேன். அதத்தான் சொன்னேன். பாறை எந்த ஊருன்னு எனக்குத் தெரியல பாப்பா. இது ஒண்ணுதான் நானே பாத்தது."

அஸ்வினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கலையரசிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக ஒரு கோபம் இன்னொரு பக்கம். ஐம்பத்திரண்டு பஸ் ஜனம் பூவையும் ஏரியையும் பார்த்துவிட்டு வந்து இந்த ஆள் கையால் வாங்கித் தின்றதே, மாஸ்டரே நீயும் ஒருநாள் வாயேன் என்று ஒருத்தருக்குக் கூப்பிடத் தோன்றவில்லையே! மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். சவுரியம்மாளிடம் இன்னொன்று போடச் சொன்னாள்.

அப்புறம் போனைப் பிடுங்கி, மாரியப்பனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். அஸ்வினியைப் பக்கத்தில் நிறுத்தினாள். சிரி என்றாள். ஒரு பஸ்ஸில் ஏறப்போன குடும்பம், இந்தக் கரிச் சுவரை எதற்குப் படம் எடுக்கிறார்கள் என்று புரியாமல் நின்று வேடிக்கை பார்த்தது. படம் எடுத்ததும் கலையரசி அதைச் சித்ராவுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. மலைக்குக் கீழே ரெயில் ராத்திரிதானே, பூங்காவுக்கு இன்னொரு தடவை போகலாம் என்று கலையரசி சொன்னாள். நேற்றைக்குத்தான் பார்த்தாயிற்றே என்றான் மாரியப்பன். நேற்று நாங்கள் பார்த்தோம், நீ எங்கே பார்த்தாய் என்றாள் அவள். அது உண்மைதான். நேற்று அவன் பெண்டாட்டி முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பூங்கா வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. டிக்கெட் எடுக்கிற இடம் வந்ததும் மாரியப்பனுக்குக் கால் தானாகவே நின்றது. மற்றவர்களை அனுப்பிவிட்டு வெளியே நிற்பது பதினோரு வருஷத்துப் பழக்கம். "நீங்க போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கினு நிக்கறேன்" என்றான்.

"பையில இன்னா இருக்குது, போர்வதானே. நானே தூக்கிக்கறேன். நீ முன்னால நட" என்றாள் கலையரசி.

மாரியப்பன் சரி என்று ரெண்டடி வைத்தான். அப்புறம் திரும்பி, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "நேத்து காலையில ஸ்வெட்டர் எடுக்கறப்ப பாத்தேன். அடியில பாப்பா சர்ட்டிபிகேட்டு இருக்குது. உள்ள செடிக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருப்பாங்க, ஈரத்துல வச்சிடாத."

சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு உள்ளே போனான். கலையரசி அந்தப் பையை இறக்கி, ரெண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.